காரை விற்கச் சொல்லுங்கள், பெரியப்பா

வெள்ளவத்தை,
ஓகஸ்ட் 2007.

மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு அருந்ததி பணிவுடன் எழுதுவது. லண்டனில் நீங்களும் பெரியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூவரும் சுகம், காரைத் தவிர.

அப்பா உங்கள் ஒருவரின் சொல்லைத்தான் கேட்பார். ஆகவே அவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். தயவுசெய்து தொலைபேசி எடுத்து, அந்தக் காரை விற்றுவிடும்படி சொல்லுங்கள்.

போன மாதம் அம்மாவைக் கொட்டாஞ்சேனைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போகும் வழியில், காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் கையைக் காட்டினான். அப்பா பிரேக்கை மிதித்தார். கார் நின்றது, ஆனால் கோட்டைத் தாண்டி, மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில். அவன் துவக்கைத் தூக்கிக் குறிவைத்துவிட்டான். என் வயதுதான் இருக்கும். பிரேக் தேய்ந்துவிட்டது என்று அப்பா சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். விட்டுவிட்டார்கள். நிற்காத காருக்கு இந்த ஊரில் என்ன நடக்கும் என்று நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை.

பின் பிரேக் டிஸ்க் இரண்டையும் மாற்ற வேண்டும், இரவு காரை விட்டுப் போங்கள் என்றார்கள் கராஜில். அப்பா அந்த இடத்திலேயே காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். நம் கண்ணில் படாமல் ஓர் இரவு நிற்கும் காருக்குள் யார் எதை வைப்பார்கள் என்று தெரியாது, அடுத்த சாவடியில் அது அகப்பட்டால் நம் பெயரைப் பார்த்த பிறகு யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள் என்பது அவர் வாதம். அதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறி ஓய்வு பெற்றவர் தானே டிஸ்க் மாற்றப்போகிறேன் என்றதை மறுத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை, மாடி வீட்டுக்காரர் பார்க்க, முற்றத்தில் காரை ஜாக்கில் ஏற்றினோம். கார் உருண்டு பிள்ளையின் மேல், அதாவது என் மேல், ஏறிவிடும் என்ற பயத்தில் முன் சில்லுகளுக்குக் கல் வைத்து, அதுவும் போதாதென்று ஹேண்ட் பிரேக்கையும் இழுக்கக்கூடிய மட்டும் இழுத்துவைத்தார். சில்லைக் கழற்றினோம், டிஸ்க்கை வெளியிலிருந்து கவ்வும் பிரேக் பூட்டைக் கழற்றி அம்மாவின் கொடிக் கயிற்றில் தொங்கவிட்டோம், டிஸ்க் மட்டும் அசையவில்லை, எண்ணெய் விட்டோம், சுடுதண்ணீர் ஊற்றினோம், கடைசியில் அப்பா சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார், தெருவே அதிர்ந்தது, மேல்மாடி மர்லியா எட்டிப் பார்த்து, "அங்கிள், கொஞ்சம் மெல்லமா அடிங்களேன், உம்மா குண்டெண்டு கட்டிலுக்குக் கீழ போய்ட்டாங்க" என்றாள், அதற்குள் யாரோ அறிவித்துப் பொலிஸ் ஜீப்பே வந்துவிட்டது.

சார்ஜன்ட் அடையாள அட்டைகளைப் பார்த்தார், நாங்கள் இங்கே இருப்பதற்கான பொலிஸ் பதிவைப் பார்த்தார், துணியில் சுற்றியிருந்த புது டிஸ்க்கை வெகுநேரம் பார்த்தார். இதை ஏன் கராஜில் செய்யவில்லை என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் சுத்தியலைப் பார்த்தேன். உள்ள காரணத்தைச் சொல்லக்கூடாத ஒரே ஆள் எதிரில் நின்று அதையே கேட்கிறார்.

"வீட்டில சும்மாதானே இருக்கிறன், சேர்," என்று அப்பா சிங்களத்தில் சொன்னார்.

காருக்குள் சோதிக்க வேண்டும் என்றார்கள். முன்னாலிருக்கும் பெட்டியைத் திறந்துகாட்ட அம்மா உள்ளே ஏறினார்.

"இஞ்சருங்கோ, இந்தத் தடியை ஏன் இழுத்து வைச்சிருக்கிறியள்? சீலை மாட்டுது," என்றபடி ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டார்.

அப்பா குனிந்து தொட்டார். டிஸ்க் கையோடு வந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் டிஸ்க்கை உள்ளிருந்து பிடிக்குமாம்; இவ்வளவு நேரமும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் பிரேக்கைக் கழற்றியிருக்கிறோம். பொலிஸ்காரர் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் அவர்களோடு சிரித்தார், கொஞ்சம் கூடுதலாகவே. எனக்கு அதைத்தான் பார்க்க முடியவில்லை.

மற்றப் பக்கம் சுகமாக முடிந்தது. பூட்டியபின் பிரேக்கை நாலைந்து தரம் மிதித்து இறுக்க வேண்டுமாம்; அதைச் செய்யாமல் அப்பா காரைப் பின்னுக்கு எடுத்ததில், மர்லியா கறிக்கு வளர்த்த ரம்பைச் செடி போய்விட்டது. இப்போது கார் சொன்ன இடத்தில் நிற்கிறது. ஆனால் அடுத்து எது தேயும், அப்போது எதிரில் நிற்பவன் யார் என்று நினைத்து எனக்கு நித்திரை இல்லை. இரண்டு பேரும் பஸ்ஸில் போகட்டும், பெரியப்பா. பஸ்ஸை நிற்பாட்டுவது அப்பாவின் பொறுப்பு அல்ல.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் இருவரின் ஆசியும் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
அருந்ததி

பி.கு.: இதை ஒட்டுவதற்கு முன் அப்பாவிடம் நேராகவே சொல்லிப் பார்த்தேன். சாவியை மேசையில் வைத்து, "உனக்குப் பயமெண்டா வித்துப்போடுவம், பிள்ளை," என்றார். இன்று இருவரும் கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் போனார்கள். திரும்பி வரும் வழியில் எல்லாரையும் இறக்கி அட்டை பார்த்தார்களாம். மற்றவர்கள் திரும்ப ஏறினார்கள், இவர்களை ஏறவிடவில்லை. பஸ் போய்விட்டது. கண்ணுக்கு மருந்து போட்ட அம்மா மதிய வெயிலில் தெருவோரம் நின்றிருக்கிறார். வந்து அதைப் பகிடியாகச் சொல்லிச் சிரித்தார். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். காரிலும் மறிப்பார்கள்தான், ஆனால் அம்மா நிழலில் இருந்திருப்பார்.

தொலைபேசி எடுங்கள், பெரியப்பா. காரை விற்கவே கூடாது என்று சொல்லுங்கள். முன் டிஸ்க் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் நான் இருப்பேன்.