பினாங்குப் பூவின் தீர்ப்பு

இல்லறத்தாரே! வண்டிக்கு அச்சாணி எப்படியோ, வீட்டுக்கு ஆண்மகனின் சொல் அப்படி. அச்சாணி சிறியது. ஆயினும் அது கழன்றால் வண்டி குடை சாயும். இந்த உண்மையைத் திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராக எடுத்துரைத்துப் பலரை நிம்மதியாக உறங்க வைத்தவன் நான். பெயர் மயில்சாமி. நன்னெறி விளக்கச் சபையின் தலைவன். என் வீட்டு வண்டிக்கு அச்சாணி யார் என்று மட்டும் எந்த ஊரிலும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் மனைவி சௌந்திரம் எழுந்து பதில் சொல்லியிருப்பாள்.

அந்தப் பங்குனியில் நான் ஓர் உறுதி பூண்டேன். என் ஒரே மகள் கமலவேணியின் திருமணத்திலாவது என் சொல்லே சொல்லாக வேண்டும். எடப்பாடி அப்புசாமியின் மகனுக்கே அவளைக் கொடுக்க வேண்டும். பையன் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறான். சௌந்திரமோ தன் அண்ணன் சுப்பையனின் மகன் அர்த்தநாரிக்கே கொடுக்க வேண்டும் என்றாள். அர்த்தநாரி உரிமைக்காரன், உழவன். அவனுடைய மாட்டுச் சலங்கை தெருக்கோடியில் ஒலித்தால் கமலவேணி ஏன் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்க ஓடுகிறாள் என்று நான் ஆராயவில்லை. வாசல் ஈரமாக இருப்பது நல்லதுதானே!

“எடப்பாடியார் மேல உங்களுக்கு அப்படி என்னுங்க பிடிப்பு?” என்றாள் சௌந்திரம்.

“நாவடக்கத்தைப் பத்திப் பொழுது சாயற வரைக்கும் பேசினேன். ஊரே தூங்கிப்போச்சு. அவர் ஒருத்தர்தான் கண்ணை இமைக்காம உக்காந்து கேட்டார்.”

“அவருக்குக் காது கேக்காதுங்களே!”

“ஆரு சொன்னது?”

“ஊரே சொல்லுதுங்க. இல்லீன்னா அத்தன நேரம் தெம்பா உக்காந்திருக்க முடியுமுங்களா?”

அறிஞன் இத்தகைய சொற்களுக்கு மறுமொழி கூறமாட்டான். நான் சந்தைக்குப் புறப்பட்டுவிட்டேன்.

சந்தையில்தான் குழந்தைவேலைக் கண்டேன். பினாங்குக்குப் போய்த் திரும்பியவன். அங்கிருந்து அவன் கொண்டுவந்தவை ஒரு கைக்கடிகாரமும் ஓயாத வாயும். அவன் முன்னே சாக்கின்மேல் யானைப் பாதம் அளவில் ஒரு கிழங்கு கிடந்தது. அதன் நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு மொட்டு.

“இது சேனைக்கெழங்காட்ட இருக்குதே?” என்றேன்.

“பாத்தா அப்படித்தானுங்க இருக்கும். உப்பும் கற்பூரமும் பாத்தா ஒண்ணாட்டத்தான் இருக்குது. மத்தவங்க சொல்லலாமுங்க, உங்களாட்டப் படிச்சவங்க சொல்லலாமுங்களா?”

படித்தவன் அல்லவா! ஆமோதித்துத் தலையாட்டினேன். அவன் தொடர்ந்தான். “மலாய்க் காட்டுப் பூவுங்க இது. கொடையாட்ட விரியும். வாசம் நாலு தெருவுக்கு எட்டும். ஒருக்கா மோந்தவன் சாகற வரைக்கும் மறக்கமாட்டான்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதைப் பின்னர் உணர்ந்தேன். என்ன வாசம் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சேனைக்கிழங்கை நான் குழம்பில்தான் அறிவேன். அது பூக்கும் என்பதையே அறியேன். குத்தகைக்காரர்கள் உழ, நான் ஒழுக்கத்தை உழுதுகொண்டிருந்தேன்.

அவன் காசு வேண்டாம் என்றான். என் தோளையே பார்த்தான். தோளில் கிடந்தது மயில்கண் கரை போட்ட அங்கவஸ்திரம். என் திருமணத்தன்று மாமனார் தம் கையால் எனக்குப் போர்த்தியது. அழியும் ஆடைக்கு அழியாப் புகழ் மாற்று. கொடுத்துவிட்டேன்.

“தோள்ல துண்டைக் காணமுங்களே?” என்றாள் சௌந்திரம், நான் வாசலில் கால் வைக்குமுன்.

“ஏழை ஒருத்தனுக்குத் தானம் பண்ணிட்டேன்.”

“எந்த ஏழைக்குங்க?”

“சொல்லிக் காட்டினாத் தானத்தோட பலன் போயிரும்.”

அவள் என்னைப் பார்த்தாள். கிழங்கைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். சொன்ன மனைவியை விடச் சொல்லாத மனைவி ஆபத்தானவள். இளைஞர்கள் இதை மனத்தில் கொள்க.

முதலில் அதை ஒரு மண்தொட்டியில் வைத்தேன். கிழங்கு பருத்தது, தொட்டி விரிசல் கண்டது. உடனே தோண்டி எடுத்து, வெந்நீர் காயும் செப்பு அண்டாவுக்கு மாற்றினேன்.

“ஏனுங்க, அண்டாவுக்குள்ள மண்ணு கெடக்குதுங்க!”

“மண்ணில்லை, சௌந்திரம். எதிர்காலம்.”

“அப்ப எதிர்காலத்தையே அள்ளி மேலுக்கு ஊத்திக்குங்க. தண்ணி காயாது.”

மாற்றி நட்ட கைகள் அரிக்கத் தொடங்கின. அன்று மாலை குமாரபாளையத்தில் புலனடக்கம் பற்றி என் சொற்பொழிவு. கைகளைப் பிசைந்தேன், தேய்த்தேன், மேசை விளிம்பில் உரசினேன். என் உருக்கத்தைக் கண்டு முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீடு திரும்பியதும் சௌந்திரம் கேளாமலே புளியைக் கரைத்து நீட்டினாள். “தேச்சுக்குங்க, அடங்கிரும்.” அடங்கியது. பினாங்குச் செடியின் அரிப்புக்குப் புளிதான் மருந்து என்பது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் சிந்தித்திருக்க வேண்டும். ஊருக்குச் சிந்திப்பவனுக்கு வீட்டில் சிந்திக்க நேரமேது?

சித்திரையில் எங்கள் ஊர்த் திருவிழா, நோம்பி. அதற்குச் சுப்பையன் வந்து போனானாம். நான் வெளியூர்ச் சொற்பொழிவில் இருந்ததால் அவனைக் காணவில்லை. திரும்பி வந்தபோது சௌந்திரத்தின் முகத்தில் புதியதொரு தெளிவு. நோம்பியின் அருள் என்று எண்ணிக்கொண்டேன்.

“ஏனுங்க,” என்றாள், சோறு பரிமாறியபடி. “பொண்ணு விசயத்துல நீங்க ஒண்ணு சொல்றீங்க, நான் ஒண்ணு சொல்றேன். சாமிகிட்டப் பூக்கேட்டுப் போடலாமுங்க.”

முடிவு தோன்றாத காரியத்துக்கு எங்கள் பக்கத்தார் குலதெய்வத்தின் சிலைமேல் பூவை வைத்துக் காத்திருப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் ஆம். இடப்பக்கம் விழுந்தால் இல்லை. சீர்திருத்தவாதியாகிய நான் சிரித்தேன்.

“பூசாரி பலமா மூச்சு உட்டாக்கூட அந்தப் பூ உழுந்துரும், சௌந்திரம்.”

“அப்ப உங்க பினாங்குப் பூகிட்டயே கேக்கலாமுங்களா? அது ஆரு மூச்சுக்கும் அசையாதுங்களே.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “கேக்கலாமே! பூத்து வாசமா இருந்தா எடப்பாடி. சம்மதமா?”

“சம்மதமுங்க. நாறுச்சுன்னா?”

“பூ எங்காச்சும் நாறுமா? நாறினா உன்ற அண்ணன் மவனுக்கே குடுத்தர்றேன்!”

“அப்பறம் சொல்லு மாறமாட்டீங்களே?”

“மாறினா இந்தப் பிறவியில இனி மேடை ஏறமாட்டேன்!”

“ஊருக்கு ரெண்டுல எது நல்லதுன்னு ரோசன பண்ணித்தான் சொல்லோணும்!” என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல். பக்கத்து வீட்டு முத்தாயம்மாள். அவளையே சாட்சியாகவும் நடுவராகவும் வைத்தோம். அவள் மூக்கு ஊரறிந்த மூக்கு. மூன்றாம் வீட்டில் பால் பொங்குமுன்பே இங்கிருந்து குரல் கொடுப்பவள்.

அன்றுமுதல் நிகழ்ந்த மாற்றத்தை என்னவென்பேன்! செடியைத் தூற்றியவளே செடிக்குத் தாயானாள். “அண்டா பத்தாதுங்க, பாவம், மூச்சு முட்டுதுங்க,” என்று மாடு தண்ணீர் குடிக்கும் கல்தொட்டியை அவளே காலி செய்தாள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கிழங்கை வேர் அறாமல் தூக்கி வைத்தாள். பழைய சாணி எரு போட்டாள். அடிப்பக்கம் ஓட்டாஞ்சில் பரப்பி நீர் தேங்காமல் செய்தாள். நான் அருகில் நின்று, கல்லில் விழும் நீர்த்துளி நாளடைவில் கல்லையே குழிப்பதைப் பற்றி எடுத்துரைத்தேன். என் அறிவுரையே அந்தத் துளி என்றும், அவளே அந்தக் கல் என்றும் விளக்கினேன். “ஆமாங்க,” என்றாள் அவள். “கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க. எருவ மிதிக்கறீங்க.”

வைகாசியில் மொட்டு பூசணிக்காய் அளவு ஆயிற்று. “நாளைக்கு விரியுமுங்க,” என்றாள் சௌந்திரம். எப்படி அறிந்தாய் என்று கேட்கவில்லை. தாயறியாத சூலா? உடனே எடப்பாடிக்கு ஆள் அனுப்பினேன். அப்புசாமி வரட்டும். அதிசயத்தைக் காணட்டும். பூவின் முன்னிலையிலேயே தாம்பூலம் மாற்றிவிடலாம்.

மறுநாள் பகலில் மலர் விரிந்தது. குழந்தைவேல் பொய் சொல்லவில்லை, குடைபோலவே விரிந்தது. ஆனால் பூ என்றால் நம் மனத்தில் தோன்றும் உருவம் அதற்கில்லை. காய்ந்த இரத்த நிறம். சுருக்கம் விழுந்த பாவாடை போன்ற மடல். நடுவில் மூளையை வெளியே எடுத்து வைத்தது போன்ற ஒரு கொண்டை. பிறகு, மணம்.

முதலில் முத்தாயம்மாள் தன் வீட்டுப் பானைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் செத்த எலியைத் தேடினாள். அடுத்துத் தெருநாய்கள் வந்தன; முகர்ந்து பார்த்து, மரியாதையாகத் திரும்பிச் சென்றன. பச்சை ஈக்கள் பந்தல் போட்டன. வானத்தில் பருந்துகள் வட்டமிட்டன.

“ஏனுங்ணா!” என்று மூக்கில் முந்தானையைத் திணித்துக்கொண்டு முத்தாயம்மாள் வேலியருகே வந்தாள். “எரும ஏதாச்சும் செத்துக் கெடக்குதுங்களா?”

“அது பூவோட வாசம்!”

“வாசமா? இதுக்குப் பேரு வாசம்னா என்ற ஊட்டுச் சாக்கடை சந்தனமுங்க!”

“அயல்நாட்டு மணம், முத்தாயம்மா. நம்ம மூக்கு அதுக்கு இன்னும் பண்படலை.” சொல்லி முடிப்பதற்குள் மூலைக்கு ஓடிக் குனிந்தேன். சௌந்திரம் சலனமில்லாமல் ஒரு சொம்பு மோரை நீட்டினாள்.

அவ்வேளையில் அப்புசாமி வண்டியிலிருந்து இறங்கினார். வாசலைத் தாண்டவில்லை. மூக்கைச் சுளித்தார். முகம் துயரத்தில் ஆழ்ந்தது. மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“போயிட்டது பெரியவருங்களா?” என்றார், தணிந்த குரலில்.

“பூவுங்க!” என்று கத்தினேன்.

“பூவாத்தாளா? அடடா! வயசாயிருச்சுங்களா?”

“பினாங்குப் பூ!”

“பினாங்குலிருந்து ஆள் வரோணுமாக்கும். அதுதான் இத்தன நாளா வெச்சிருக்கறீங்க. இந்த வெயில்ல அது தாங்காதுங்க. சீக்கிரம் எடுத்துருங்க.”

நான் அவர் கையைப் பற்றி இழுத்துக் கல்தொட்டியைச் சுட்டிக்காட்ட முயன்றேன். துக்கம் தாளாமல் பற்றுகிறேன் என்று எண்ணி, அவர் என்னைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார். பிறகு இழவு வீட்டு மரபுப்படி, வாரேன் என்று சொல்லாமல் திரும்பிப் பார்க்காமல் வண்டியேறினார். ஊர் எல்லைக் கிணற்றில் தலை முழுகிவிட்டே எடப்பாடி சேர்ந்தாராம். துக்கம் நடந்த வீட்டில் ஆண்டு திரும்பும் வரை திருமணப் பேச்சு எடுப்பது முறையன்று என்று மறுநாள் செய்தியும் அனுப்பிவிட்டார். முறை தவறாத மனிதர்.

“தீர்ப்புச் சொல்லுங்க, அக்கா,” என்றாள் சௌந்திரம்.

“நாறுது!” என்றாள் முத்தாயம்மாள். அத்தோடு வீட்டுக்கு ஓடிக் கதவை அடைத்துக்கொண்டாள். சுருக்கமான தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

தெருக்கோடியில் மாட்டுச் சலங்கை ஒலித்தது. கமலவேணி தண்ணீர்ச் சொம்போடு வாசலுக்கு ஓடினாள். பூவின் நாற்றம் அவளைத் தீண்டியதாகவே தெரியவில்லை. அர்த்தநாரி வண்டியோட்ட, உள்ளேயிருந்து சுப்பையன் வெற்றிலைத் தட்டோடு இறங்கினான். யாரோ சொல்லிவைத்த நேரத்துக்கு வந்தவன் போல் வந்தான். அவன் தோளைப் பார்த்தேன். என் கண் அங்கேயே நின்றுவிட்டது.

மயில்கண் கரை.

“என்ன மாப்ள, துண்டையே பாக்கறீங்க?” என்றான் சுப்பையன் பெருமையாக. “நம்ம குளந்தவேலு குடுத்ததுங்க. வேலியோரம் கெடந்த சேனைக்கெழங்கு ஒண்ணை மொட்டோட கேட்டு எடுத்துட்டுப் போனான். சந்தையில வித்துட்டு வந்து, இந்தத் துண்டைக் குடுத்தான். ஒரு கெழங்குக்கு இத்தன நல்ல துண்டான்னு எனக்கே கூச்சமாப் போச்சு. வாங்கினவன் எவனோ பாவம், வெவரமில்லாதவனாட்ட இருக்குது!”

நான் மெல்லத் திரும்பிச் சௌந்திரத்தைப் பார்த்தேன்.

“நோம்பிக்கு அண்ணன் வந்தப்பவே பாத்துட்டனுங்க,” என்றாள் அவள், வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டே. “எங்கப்பன் போட்ட துண்டு எங்கண்ணன் தோளுக்குப் போயிருச்சு. எங்கண்ணன் தோட்டத்துக் கெழங்கு உங்க தொட்டிக்கு வந்திருச்சு. சீர் குடுத்து வாங்கின பொறவு சம்பந்தம் பேசறதுக்கு என்னுங்க இருக்குது?”

மேடையை இழக்க எனக்கு மனமில்லை. வெற்றிலையை எடுத்துச் சுப்பையன் கையில் வைத்தேன். சொன்ன சொல் காப்பதே ஆண்மைக்கு அழகு என்று ஒரு சிற்றுரை தொடங்கினேன். வாயைத் திறந்ததும் ஈ நுழைந்தது.

ஆவணி பிறந்தது, இன்று திருமணம். நன்னெறியாளரே, ஆகவே உங்களுக்கு நான் சொல்லவிரும்புவது யாதெனில், இல்லத்தில் ஆணின் சொல்லே… பொறுத்தருள்க. சமையல் பந்தலிலிருந்து சௌந்திரம் அழைக்கிறாள்.

“ஏனுங்க, விருந்துக்கு உங்க பினாங்குப் பூவோட கெழங்கை வறுக்கோணும். வந்து சீவுங்க, புளி கரைச்சு வெச்சிருக்கறேன்.”