அறுபத்தொரு சாட்சிகளும் ஒரு கிணறும்

திருத்தணி,
செவ்வாய்க்கிழமை.

நிலத்தடி நீர் பற்றிய இணைய ஆய்விதழின் ஆசிரியர், மதிப்பிற்குரிய பக்தவச்சலம் ஐயா அவர்களுக்கு,

உங்களுக்கும், உங்கள் வீட்டாருக்கும், உங்களிடம் வேலை பார்க்கும் பெயர் தெரியாத மதிப்பீட்டாளர்களுக்கும் சமாதானம் உண்டாகட்டும். நாங்கள் இங்கே கர்த்தருடைய கிருபையால் சுகம், என் மனசு ஒன்றைத் தவிர. உங்கள் இதழ் முழுக்க ஆங்கிலமாக இருந்தாலும், ஆசிரியர் பெயரைப் பார்த்ததும் தமிழிலேயே எழுதலாம் என்று தைரியம் வந்தது.

என் பெயர் ஜெபதாஸ். பஸ் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு வருஷம் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் மட்டம் பற்றி உங்களிடம் கட்டுரை கொடுத்திருக்கும் ஸ்வீட்லின் என் ஒரே மகள். சென்னையில் ஆராய்ச்சி படிக்கிறாள். இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் அவளுக்குப் பட்டம். அதை நீங்கள் நிறுத்தி வைத்துவிட்டீர்கள். இரண்டே நாளில் ஒரே ஊரிலிருந்து அறுபத்தொரு பேர் பாராட்டி எழுதியிருப்பது சந்தேகமாக இருக்கிறது, விளக்கம் தேவை என்று அவளுக்கு மெயில் போட்டிருக்கிறீர்கள். ஐயா, அந்த விளக்கம் நான்தான். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரையை அனுப்பிவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தோம். பள்ளிப்பட்டு பஸ் பத்து நிமிஷம் தாமதமாக வந்தாலே காரணம் எழுதி வாங்கியவன் நான், ஐந்து மாதம் எப்படிப் பொறுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நடுவில், மூன்றே நாளில் வெளியிடுகிறோம் என்று எங்கெங்கிருந்தோ வேறு பத்திரிகைகள் அவளை ‘மாண்புமிகு பேராசிரியரே’ என்று அழைத்து மெயில் போட, அவள் லீவுக்கு வந்திருந்தபோது அதையெல்லாம் பார்த்து நெகிழ்ந்து, ஒவ்வொன்றுக்கும் நன்றியும் வாழ்த்தும் சொல்லி நானே பதில் அனுப்பிவிட்டேன். அதெல்லாம் ஏமாற்றுக்காரக் கூட்டம் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். போன கிறிஸ்துமஸுக்கு அவர்களிடமிருந்து எனக்கு வாழ்த்துகூட வந்தது. கடைசியில் நீங்கள், நூலகத்து அலமாரியில் பூட்டி வைக்கிற காலம் போய்விட்டது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நான்கு வாரம் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம், அதையும் பார்த்துத்தான் முடிவெடுப்போம் என்று கட்டுரையைத் தளத்தில் போட்டீர்கள். யார் வேண்டுமானாலும் என்றால் எங்கள் சபையாரும்தானே என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று விஷயத்தைச் சொல்லி, சபை வாட்ஸாப் குழுவில் லிங்க்கைப் போட்டேன். எங்களுக்குத் தெரிந்தது சாட்சி சொல்வது ஒன்றுதான். பிள்ளையைப் பற்றி நாலு பேர் நல்லவிதமாகச் சொன்னால் காரியம் ஆகும் என்று எல்லோரும் மனசாரச் சொல்லிவிட்டார்கள். லோயிஸ் அக்கா, இந்தப் பெண் ஒன்பது வருஷம் ஞாயிறு பள்ளிக்கு ஒரு நாள் தவறாமல் வந்தவள், ஆகவே அட்டவணைகள் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதினார். பெபி, கட்டுரை புரியவில்லை, ஆனால் கண்ணீர் வந்தது என்று எழுதினாள். இஸ்ரேல் அறுப்புப் பண்டிகைப் படம் ஒன்றைப் போட்டார். அதில் ஓரமாக ஸ்வீட்லின் இருக்கிறாள்.

வியாழக்கிழமை மகள் போன் பண்ணி, உங்கள் மெயிலைப் படித்துக் காட்டி, “நைனா, நீ ஏதாவது பண்ணியா?” என்று கேட்டாள். நான் ஒன்றும் பண்ணவில்லை என்று சொன்னேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி கஜபதி, முதல் பஸ்ஸில் கத்திரிக்காய் மூட்டை ஏற்றிவரும் காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். கட்டுரையில் பதினான்காவது கிணறு அவருடையது. அவரும் நல்லதாக நாலு வரி எழுதுவார் என்று லிங்க்கை அனுப்பினேன். அவர் மகள் ஷோபனா படித்துச் சொல்ல, அவர் எழுதியது இது: ‘பாப்பா அளக்க வந்த அன்னிக்குக் காலையிலேர்ந்து மோட்டார் ஓடிகினு இருந்தது. தண்ணி கீழ எறங்கி இருந்தது. நிறுத்தி ஒரு நாள் கழிச்சு அளந்திருந்தா கணக்கு வேற.’ உடனே போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாக, “கெணத்துல இருக்கிறதத்தான் சொன்னேண்ணா. பாப்பா மேல எனக்கு இன்னா கோவம்? நீ வேணாம்னா எடுத்துடறேன்” என்றார். எடுத்தும்விட்டார்.

ஐயா, என் சொந்த பாவா, அக்கா வீட்டுக்காரர், ஓட்டிவந்த பஸ் ஏழு நிமிஷம் தாமதம் என்று ஏட்டில் எழுதியவன் நான். அதற்காக என் அக்கா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அப்போதுகூட எழுதியதை மாற்றவில்லை. அப்படிப்பட்டவன், வந்ததிலேயே கட்டுரையை ஒழுங்காகப் படித்த ஒரே ஆளின் கருத்தை அழிக்க வைத்தேன். பாசத்தில் செய்தேன் என்று சொல்லலாம். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆகையால் அந்த அறுபத்தொன்றையும் எடுத்துவிடுங்கள். கஜபதி எழுதியதை மட்டும் திரும்பப் போடுங்கள். என் மகள் அதற்குப் பதில் சொல்வாள். பதில் இல்லையென்றால் மறுபடி போய் அளப்பாள், கிணறு அங்கேதான் இருக்கிறது. அவளைத் தள்ளிவிட மட்டும் வேண்டாம். தப்பு அவள் அப்பனுடையது. இந்தக் கடிதம் நம் இருவருக்குள் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் வரும்போது நேரில் நானே சொல்லிக்கொள்கிறேன். இனி உங்கள் கருத்துப் பெட்டிப் பக்கமே நானோ என் சபையாரோ வரமாட்டோம்.

உங்கள் கண்களுக்கும் பொறுமைக்கும் நல்ல பலம் கிடைக்க ஜெபிக்கும்,
ஜெபதாஸ்.

பின்குறிப்பு (பிறகு சேர்த்தது): கடிதத்தை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் அதே கருத்துப் பெட்டியில்தான் போட்டேன். மேலே உங்கள் பெயரைப் போட்டால் உங்களுக்கு மட்டும் வரும் என்று நினைத்தேன், இதையும் உலகமே படிக்கும் என்று பிறகுதான் சொன்னார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சபையார் முப்பத்தொரு பேர் கீழே ‘ஆமென்’ போட்டிருக்கிறார்கள். கஜபதி தன் கருத்தைத் தானே திரும்பப் போட்டுவிட்டார். முப்பத்திரண்டாவது ஆமென் ஸ்வீட்லினுடையது. அதன் கீழே இப்படி எழுதியிருக்கிறாள்: ‘நைனா, சனிக்கிழமையே வர்றேன். கஜபதி மாமாவ வெள்ளிக்கிழம காலையிலயே மோட்டார நிறுத்தச் சொல்லு. டேப்ப நீ புடி.’