வடக்குச் சன்னல் போராட்டம்

பஞ்சநாதன் தம் வாழ்நாளில் பதினேழு போராட்டங்கள் நடத்தியவர். அவற்றில் பதினாறு முடிந்துவிட்டன. சில ஒப்பந்தத்தில் முடிந்தன, சில தடியடியில் முடிந்தன, ஒன்று மழை வந்ததால் முடிந்தது. முடியாமல் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அது கோவில்பத்தில், அவர் வீட்டுப் பின்னறையின் வடக்குச் சன்னலில் நடந்துகொண்டிருந்தது.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நூலாலையில் வேலைநிறுத்தம். நாற்பத்தொரு நாளும் அந்த வீட்டு அடுப்பில் முதலில் சுவரொட்டிக்குப் பசை கொதிக்கும், பிறகுதான் உலை. நாற்பத்தோராம் நாள், பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்த தமீம் அன்சாரி நிர்வாகம் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். பஞ்சநாதன் வீட்டுக்குத் திரும்பினார். நேரே பின்னறைக்குப் போய்ச் சன்னலைச் சாத்தி நான்கு ஆணி அடித்தார். சன்னலுக்கு நேரே, ஒரு சந்து தாண்டினால், தமீம் அன்சாரி வீட்டுக் கொல்லை.

"கையெழுத்துப் போட்ட முகத்தை இனி இந்த வீட்டிலிருந்து பார்ப்பதில்லை" என்று அறிவித்தார். கூட்டத்துக்கு வந்திருந்தது அவர் மனைவி சௌந்தரவல்லி மட்டும். கைதட்டல் இல்லை.

பின்னாளில் ஆலையே மூடப்பட்டது. அதன் சன்னல்களை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். பஞ்சநாதன் வீட்டுச் சன்னல் மட்டும் அசையவில்லை. அதன் கீழே, வடக்குச் சுவரோடு ஒட்டினாற்போல், அவர் எழுதி அச்சடித்த துண்டறிக்கைகள் முப்பத்தொரு கட்டுகளாக அடுக்கப்பட்டிருந்தன. நாடு என்றாவது கேட்டு வரும் என்று வைத்திருந்தார். நாடு வரவில்லை. பூஞ்சணம் வந்தது.

இந்த ஆண்டு ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை வரை விடவில்லை. முதலில் கட்டுகளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். பிறகு பச்சை. பிறகு கறுப்பு. தரையை ஒட்டி ஒரு கிளை, இடுப்பளவில் ஒரு வட்டம், உத்தரத்தை ஒட்டி ஒரு மாவட்டம் என்று அது முறையாக அமைப்புக் கட்டி மேலே ஏறியது. பஞ்சநாதன் அதை உள்ளூர மெச்சினார். அவருடைய அமைப்புகள் எதுவும் கிளையைத் தாண்டியதில்லை.

"என்னங்க, பொங்கலுக்கு சுகிர்தா வர்றா" என்றாள் சௌந்தரவல்லி. சுகிர்தா அவர்களுடைய ஒரே மகள். "பிள்ளையோட ஒரு மாசம் இருப்பா. பின்னறையிலதான் படுக்கணும்."

"படுக்கட்டும்."

"ஏழு மாசப் பிள்ளைக்கு மூச்சு இழுக்குதாம். பூஞ்சணம் புடிச்ச ரூமுல வைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"இங்க ஏது பூஞ்சணம்?"

அவள் பின்னறைக் கொடியிலிருந்து அவருடைய மாநாட்டுத் துண்டை எடுத்து வந்து விரித்தாள். சிவப்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது.

"கட்சி மாறிட்டீங்க போல" என்றாள்.

"இது தெருச் சாக்கடையோட வேலை. அந்தத் தண்ணிதான் சுவத்துல ஏறுது. நாளைக்கே மனு எழுதறேன்."

"நாலு வருஷமா எழுதுறீங்க. சாக்கடை வீட்டுக்குத் தெக்கால ஓடுது. சுவரு வடக்கால இருக்கு."

"தண்ணி எங்கேருந்து வேணா ஊடுருவும். ஏகாதிபத்தியம் மாதிரி."

சௌந்தரவல்லி ஏகாதிபத்தியத்தைக் கூப்பிடவில்லை. போலகத்திலிருந்து மாறன் கொத்தனாரைக் கூப்பிட்டாள். மாறன் வந்தார், சுவரைத் தட்டினார், ஒரு கட்டை விலக்கிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஐயா, அடியிலேருந்து ஏறுற ஓதம் கொஞ்சந்தான். முக்காவாசி உங்க வீட்டு ஈரம். சோறு வடிக்கிற ஆவி, வெந்நீர் ஆவி, மழைக்கு இந்த ரூமுல துணி காயப்போடுறீங்களே, அந்த ஈரம். எல்லாம் வெளிய போவ வழி இல்லாம, குளுந்து கெடக்குற சுவத்துல போய் உக்காந்துக்குது. பேப்பர் கட்ட வேற ஒட்டி வச்சிருக்கீங்க. சுவரு மூச்சு விட வேணாமா?"

"சரி, என்ன செய்யணும்?"

"சுண்ணாம்புல மயில்துத்தம் கலந்து அடிச்சா இப்ப இருக்குறது செத்துடும். ஆனா ஈரம் நின்னாத்தான் மறுபடி வராது. இந்தச் சன்னலத் தொறந்து விடுங்க. மார்கழி வாடை ஒரு மாசம் உள்ள வந்துச்சுன்னா சுவரு அப்பளமாட்டம் காஞ்சிடும்."

"சன்னலைத் திறக்க முடியாது."

"ஆணி துருப்புடிச்சிருக்கா? புடுங்கிடலாம் ஐயா."

"அது ஆணி இல்ல. கொள்கை."

மாறன் சௌந்தரவல்லியைப் பார்த்தார்.

"நாலு கொள்கை" என்றாள் அவள். "நல்லா ஆழமாவே அடிச்சிருக்காரு."

துத்தம் வாங்கிவரப் பஞ்சநாதன் ஒப்புக்கொண்டார். துத்தத்தில் கொள்கைப் பிரச்சினை இல்லை. "கொஞ்சம் கூடவே வாங்கிட்டு வாங்க" என்றாள் சௌந்தரவல்லி. நாட்டு மருந்துக் கடைக்குத் தாமே சைக்கிளில் போய், மயில் கழுத்து நிறத்தில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் சன்னல் பேச்சுதான். மூன்றாம் நாள் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தாம் வென்றுவிட்டதாகப் பஞ்சநாதன் முடிவுகட்டினார். நிர்வாகம் பேசாமல் இருந்தால் உள்ளே ஏதோ தயாராகிறது என்று நூறு வாயிற்கூட்டங்களில் பேசியவர் அவர். ஆலைக்குச் சொன்னதை அடுப்படிக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

மார்கழி முதல் தேதி காலை. பால் வாங்கக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். வாசல் சுற்றுச்சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கொட்டை எழுத்து.

'எச்சரிக்கை. இவ்வீட்டின் வடக்குச் சன்னலை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. திறக்க எவருக்கும் உரிமை இல்லை. மீறினால் விளைவுகளுக்கு இவ்வீட்டாரே பொறுப்பு. இவண், அண்டை அயலார்.'

மூன்று முறை படித்தார். மூன்றாம் முறை படிக்கையில் அவருக்குப் பத்தொன்பது வயது குறைந்திருந்தது.

"வல்லி, இங்க வா. இதப் பாரு."

சௌந்தரவல்லி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "அட, யாருங்க ஒட்டுனது?"

அவர் ஓரத்தில் பிதுங்கியிருந்த பசையை நகத்தால் சுரண்டி வெளிச்சத்தில் காட்டினார். "நீலம் தெரியுதா? மைதாவுல துத்தம் போட்டுக் காய்ச்சியிருக்கான். பூச்சி அரிக்காது. இது தொழில் தெரிஞ்சவன் வேலை. இந்த ஊர்ல இந்தப் பசை தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான். ஒண்ணு நான். இன்னொண்ணு தமீம் அன்சாரி."

"ரெண்டே பேருதானா?"

"ரெண்டே பேர். நடையையும் பாரு. 'எக்காரணம் கொண்டும்.' ஒரு பிழை உண்டா? இது என் நடை. என்னைப் படிச்சவன்தான் எழுதியிருக்கான்."

"உங்களைப் படிச்சவங்க யாருங்க இருக்கா?"

அந்தக் கேள்வியை அவர் விரும்பவில்லை. "கையெழுத்துப் போட்டவன் படிச்சிருப்பான்" என்றார்.

"விடுங்க. சன்னலைத் திறக்கக் கூடாதுன்னுதானே சொல்றாங்க. நீங்களும் அதத்தானே சொல்றீங்க. சன்னல் மூடியேதான் இருக்கு. வம்பு இல்ல."

"நான் மூடுனது வேற, அவன் மூடச் சொல்றது வேற."

"சன்னலுக்கு அது தெரியுமா?"

"நேத்து வரைக்கும் அது மூடி இருந்துச்சுன்னா அது எதிர்ப்பு. இன்னைக்கும் மூடி இருந்தா அது பணிவு."

சௌந்தரவல்லி பெருமூச்சு விட்டாள். "நமக்கும் வயசாயிடுச்சுங்க. முட்டி வலி, சுகர் எல்லாம் இருக்கு. நாலு பேரு சொல்றாங்கன்னா கட்டுப்பட்டுப் போயிடுவோமே."

கட்டுப்பட்டு என்ற சொல் பஞ்சநாதனின் காதில் விழுந்த பிறகு அவரை யாரும் நிறுத்தியிருக்க முடியாது. ஆலை வாசலில் காவல்துறையால் முடியவில்லை.

"சுத்தியல் எங்க?"

சுத்தியலும் குறடும் அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தன. அவை எப்படி அங்கே வந்தன என்று அவர் கேட்கவில்லை. வரலாற்றின் தேவை வரும்போது கருவிகள் தாமாகக் கைக்கு வரும் என்று எட்டாம் கட்டில் அவரே எழுதியிருக்கிறார்.

சன்னலை எட்ட முதலில் முப்பத்தொரு கட்டுகளை நகர்த்த வேண்டியிருந்தது. "எல்லாத்தையும் கொல்லையில வெயில்ல வை. உலகம் பார்க்கட்டும்" என்று உத்தரவிட்டார். சௌந்தரவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தூக்கினாள். அவளிடம் இத்தனை போர்க்குணம் இருப்பதை இத்தனை நாள் கவனிக்காமல் விட்டோமே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

மூன்று ஆணிகள் வந்தன. நான்காவது பாதியில் முறிந்தது. கதவு முனகித் திறந்தது. வாடைக்காற்று அவர் முகத்தில் அடித்து, அவரைத் தாண்டி, அறைக்குள் போனது.

எதிர்க் கொல்லையில் தமீம் அன்சாரி கைலியோடு நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். பஞ்சநாதனின் மனத்தில் இருந்த துரோகிக்குக் கறுத்த மீசை. இங்கே நின்றவருக்குத் தாடி, தலை, புருவம் எல்லாம் வெளுத்திருந்தன. அதற்கு அவர் தயாராக இருக்கவில்லை.

தமீம் வாய் கொப்பளித்தார். "தோழர், நல்லா இருக்கீங்களா?"

"உங்க நோட்டீசுக்கு இதுதான் பதில்."

"என்ன நோட்டீசு?"

"வாசல்ல ஒட்டுனீங்களே."

"குனிஞ்சு செருப்பை எடுக்க முடியாத இடுப்பு என்னோடது. நான் எங்க போய் ஒட்டுறது?"

"போட்டதை இல்லேன்னு சொல்றது உங்களுக்குப் புதுசா?"

"அதைப் போடலேன்னு நான் எப்பங்க சொன்னேன்? போட்டேன். நாப்பத்தொரு நாளா பிள்ளைங்க கஞ்சி குடிச்சுச்சு, போட்டேன்." அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றே பஞ்சநாதன் அறிவிப்புக்குக் கீழே கரியால் 'மீறிவிட்டோம்' என்று எழுதினார். அறிவிப்பைக் கிழிக்கவில்லை. எதிரியின் சொல் எதிரியின் எழுத்திலேயே இருக்க வேண்டும். சன்னல் இரவும் பகலும் திறந்திருக்கும் என்று முடிவாயிற்று. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

போராட்டக்காரருக்கு இடைஞ்சல் இல்லாமல் சௌந்தரவல்லி சில வேலைகளைச் செய்தாள். சன்னலில் கொசுவலை அடித்தாள். துணிக்கொடியை மாடிக்கு மாற்றினாள். பூஞ்சணம் பறக்காதபடி ஈரத்துணியால் துடைத்து, தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்தாள். மாறன் வந்து துத்தச் சுண்ணாம்பை இரண்டு முறை அடித்துவிட்டுப் போனார். காய்ந்த கட்டுகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பலகை மேல் அடுக்கினாள். ஏழு கட்டுகளை மட்டும் பூஞ்சணம் முற்றாகப் படித்து முடித்திருந்தது.

இரண்டாம் வாரம் தமீம் அன்சாரியும் தம் கொல்லையில் ஒரு நாற்காலி போட்டார். எதிர்ப் போராட்டம் என்று பஞ்சநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிர்ப் போராட்டத்திலிருந்து இஞ்சி டீ வந்தது. தமீமின் மனைவி ஜொஹரா கொசுவலை ஓரத்தைத் தூக்கி டம்ளரை உள்ளே வைத்துவிட்டுப் போனார். டீயை ஏற்பது சமரசமா என்று பஞ்சநாதன் ஆறும்வரை யோசித்துவிட்டுக் குடித்தார். பிறகு இருவரும் பழைய ஒப்பந்தத்தை முதல் ஷரத்திலிருந்து பிரித்து எடுத்துச் சண்டை போடத் தொடங்கினார்கள். மார்கழி முடியும்போது மூன்றாம் ஷரத்துக்கு வந்திருந்தார்கள். பஞ்சநாதன் இவ்வளவு நன்றாகத் தூங்கிப் பல வருடம் ஆகியிருந்தது.

போகியன்று காலை, சுகிர்தா பிள்ளையோடு பேருந்தில் வந்துகொண்டிருந்தாள். பின்னறைச் சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. பஞ்சநாதன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. பூஞ்சணமும் இறுதியில் பணிந்தது என்று நினைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

ஒரு மாதப் பனியில் அறிவிப்பின் மேல்மூலை உரிந்து, தாள் முன்பக்கமாக மடிந்து தொங்கியது. அதன் பின்பக்கம் தெரிந்தது. அதிலும் அச்சு இருந்தது. 'பணியோம், பிரியோம்' என்ற தலைப்பு. கீழே அவர் பெயர். பெயரைச் சுற்றிப் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம்.

அது பத்தொன்பதாம் கட்டு. அந்தக் கட்டு பின்னறையை விட்டு வெளியே போனதே இல்லை.

பஞ்சநாதன் நின்றார். துத்தத்தைக் கொஞ்சம் கூடவே வாங்கச் சொன்னது யார் என்று நினைத்தார். நாற்பத்தொரு நாள் பசை காய்ச்சியது யார் என்று நினைத்தார். முப்பத்தொரு கட்டையும் ஒன்று விடாமல் படித்த ஒரே ஆள் யார் என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எக்காரணம் கொண்டும்.

இனிச் சன்னலை மூடினால் அறிவிப்புக்குப் பணிந்ததாகும். திறந்து வைத்தால் அவளுக்குப் பணிந்ததாகும். உண்மையைச் சொன்னால் தமீம் அன்சாரி நான்காம் ஷரத்து வரை சிரிப்பார். உள்ளேயிருந்து வாடைக்காற்று சுண்ணாம்பு வாசத்தோடு வந்தது. தெருமுனையில் ஆட்டோ சத்தம் கேட்டது.

அவர் மூலையை மெல்லத் தூக்கிச் சுவரோடு அழுத்திப் பிடித்தார்.

"வல்லி."

"என்னங்க."

"துத்தம் மிச்சம் இருக்கா?"

"எதுக்குங்க?"

"நோட்டீசு உரியுது. ஒட்டணும். போராட்டம் இன்னும் முடியல."

அடுப்படியிலிருந்து சௌந்தரவல்லியின் குரல் நிதானமாக வந்தது.

"பசை விடியக்காலையே காய்ச்சிட்டேன். ஆறிடுச்சான்னு மட்டும் பாத்துக்கிட்டு எடுங்க."