ஏழு மணிக்கு மட்டும் குளிரும் வீடு

“...அப்ப வீடு சூடா இருக்குன்னா, உங்க வாயிலருந்து ஏங்க புகை வருது?” என்றாள் என் மனைவி மங்கை, திருச்சியிலிருந்து, வீடியோவில்.

“இப்பத்தான் டீ குடிச்சேன்” என்றேன். (கிட்டத்தில் டம்ளரே இல்லை.)

முந்தைய குளிர்காலத்தில் மகளுக்குக் குளிரில் மூச்சிழுப்பு வந்தது. “வீடு சூடாகட்டும், வர்றோம்” என்று மங்கை அவளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். இங்கே, கடல் கடந்த கிரெய்கிபர்னில் நானும் நான்கு படுக்கையறைகளும் மிச்சம்.

அவர்கள் வர வேண்டுமே என்று பாய்லர் வைத்தேன். அதில் சூடாகும் தண்ணீர் குழாய் வழியே ஓடி, அறைக்கு அறை சுவரில் இருக்கும் ரேடியேட்டர்களைச் சூடாக்கும். ஹாலில் ஒரு வெள்ளை டப்பா, தெர்மோஸ்டாட். குளிரைக் கண்டால் பாய்லரை எழுப்பும், சூட்டைக் கண்டால் தூங்க வைக்கும். இதை ஆபீசில் ஒருவர் விடாமல் விளக்கினேன். வீட்டில் விளக்க ஆளில்லை.

காலையில் நன்றாகச் சுடும். மாலை ஏழு மணிக்கு, சரியாக மங்கை கூப்பிடும் நேரம் பார்த்து, சில்லிட்டுப் போகும். பாய்லரைப் பொருத்தியவர் ஒரு மத்தியானம் வந்து பார்த்தார். அத்தனையும் தோசைக்கல்லாகக் காய்ந்தது. “ஆல் குட், மேட்” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். (அந்த வாரம் என்னைத் தொட்ட ஒரே மனிதர்.)

உள்ளே காற்று அடைத்திருக்குமோ என்று நானே ரேடியேட்டரின் திருகைத் திறந்தேன். கறுப்புத் தண்ணீர் சட்டையிலும் திரைச்சீலையிலும் பீய்ச்சியது. “ஏம்ப்பா, அவ கூப்பிடறப்பதான் உனக்குக் குளிர் வருமா?” என்று அதட்டினேன். பேச்சுத் துணைக்கு அதுதானே இருந்தது. டப்பாவோ இருபத்தெட்டு டிகிரி என்று அடித்துச் சொன்னது. படித்தவன் எண்ணை நம்பாமல் இருப்பானா? குளிர் எனக்குத்தான் என்று முடிவுகட்டி, நாக்குக்கடியில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டேன். காய்ச்சலும் இல்லை.

புகை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, போனைத் திருப்பி வீட்டைக் காட்டச் சொன்னாள் மங்கை. ஹாலில் சாமி அலமாரி வந்ததும், “நில்லுங்க. விளக்குக்கு நேர் மேல என்ன வெள்ளையா?”

“தெர்மோஸ்டாட்.”

“அதுக்குக் கீழயா சாமிய வெச்சீங்க?”

“கிழக்கு பாத்த மாதிரி வைக்க அந்தச் சுவர் ஒண்ணுதானே இருக்கு.”

“தினம் பொழுது சாயறப்பவே அஞ்சு திரியும் ஏத்தி அதுக்கு ஆரத்தி காட்டுனா, வீடே சூடாயிருச்சுன்னு நெனச்சு அது பாய்லர நிறுத்தாம என்ன பண்ணும்?”

(விளக்கேற்றிவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும், இருட்டு வீட்டில் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று சொன்னவளே அவள்தான். அதை ஞாபகப்படுத்தும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.)

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எது பழுதானாலும், கார் கிளம்பாவிட்டாலும், மகளின் முதல் கேள்வி, “அப்பா எங்க விளக்கேத்தி வெச்சார்?”

அன்று மட்டும் மங்கை சிரிக்கவில்லை. விளக்கை எதிர்ப்பக்கம் நகர்த்தி வைத்தேன். “இருங்க, பாப்போம்” என்று போனை எதன்மேலோ சாய்த்துவிட்டு, கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே காத்திருந்தாள். குழாய்களில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் குல்லாயைக் கழற்றினேன்.

அதைப் பார்த்ததும் மங்கை கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, இங்கிருந்து போட்டுக்கொண்டு போன ஸ்வெட்டரை அவள் தலைவழியே மாட்டி, நீளம் போதாத அதன் கையை மணிக்கட்டு வரை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.