மூன்று இருபதுக்கு வந்தவர்

கண்டி இராச்சியத்தின் வரைபடத்தைக் காட்டப் போன உதயகலா ரீச்சர், தன் கணவர் கிணற்றடியில் துவாயோடு நிற்கிற படத்தைக் காட்டிவிட்டார்.

பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர் தங்கள் தங்கள் வீடுகளில் இருந்து அதைப் பார்த்தார்கள். ரீச்சர் படத்தை மூடுவதற்கு ஓரிடத்தில் அமத்தினார். படம் பெரிதாகியது. இன்னோர் இடத்தில் அமத்தினார். கணவர் பரமலிங்கம் திரை முழுவதையும் நிறைத்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் திரையின் மூலையில் புதிதாக ஒரு சதுரம் முளைத்தது. அதற்குள் கோட்டும் ரையும் கட்டி, சிரிக்காமல் எடுத்த ஒரு புகைப்படம். கீழே பெயர்: நமசிவாயம், பிரதிக் கல்விப் பணிப்பாளர். நேரம் மூன்று இருபது.

கல்வி வலயம் முழுவதற்கும் இணையவழிக் கற்பித்தலுக்குப் பொறுப்பான அதிகாரி அவர். முன்னறிவித்தல் இல்லாமல் எந்த வகுப்புக்குள்ளும் வந்து பார்ப்பார் என்று போன கிழமைதான் சுற்றறிக்கை வந்திருந்தது.

ரீச்சர் திரையில் நின்ற கணவரை ஒரு தரம் பார்த்தார்.

"இது ஒல்லாந்தர் காலத்துக் கிணறு, பிள்ளையள். வடிவாப் பாருங்கோ," என்றார்.

முப்பத்தொரு பேரும் குறிப்பு எழுதினார்கள்.

மழை வெள்ளத்தால் பள்ளிக்கூடம் பூட்டி இரண்டாவது கிழமை அது. நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்குள் முழங்காலளவு தண்ணீர். சாதாரண தரப் பரீட்சைக்கோ நாள் நெருங்கிவிட்டது. ஆகவே எல்லோரும் வீட்டிலிருந்தே இணையவழியில் படிப்பிக்க வேண்டும் என்று உத்தரவு. உதயகலா ரீச்சர் முப்பத்து மூன்று வருடமாக வரலாறு படிப்பிக்கிறவர். பள்ளிக்கூட விறாந்தையில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே மூன்று வகுப்புகள் அடங்கும். அந்த மனுசி, கனடாவில் இருக்கிற மகள் அனுப்பிய மடிக்கணினியைச் சாமிப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் திறப்பார். தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற தக்சாயினி என்கிற இளம் ஆசிரியை இரண்டு நாள் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தாள். ரீச்சர் அதைக் கொப்பியில் ஒன்பது பக்கம் எழுதி, சிவப்புப் பேனையால் அடிக்கோடும் போட்டு வைத்திருந்தார். பணிப்பாளர் வந்தால் என்ன செய்வது என்று அந்த ஒன்பது பக்கத்தில் எங்கும் இல்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. இணையவழியில் ஒழுங்காகப் படிப்பிக்கத் தெரியாத ஆசிரியர் ஒருவரை நெடுந்தீவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஆசிரியர் அறையில் ஒரு கதை உலவியது. அவர் யார், எந்தப் பள்ளிக்கூடம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கதை மட்டும் எல்லோருக்கும் தெரியும். கோப்பாயில் பிறந்து கோப்பாயிலேயே கலியாணம் செய்த ரீச்சர் வள்ளம் ஏறியதே இல்லை. கீரிமலைக் கேணியில் இறங்கவே யோசிப்பவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். அதைவிட, மாசி மாதம்தான் பரமலிங்கத்துக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. குறிகட்டுவான் துறைக்குப் போய், கடல் கடந்து, அங்கேயே தங்கிப் படிப்பிப்பது என்றால் இவருக்கு வேளைக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது யார்?

ஒருவழியாகப் படத்தை மூடிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பப் பார்த்தார். ஆனால் கோகுலன் கை உயர்த்தினான்.

"ரீச்சர், அந்தக் கிணத்தடியிலை நிண்டவர் ஆர்? ஒல்லாந்தரோ?"

"உவர் காவலாளி," என்றார் ரீச்சர்.

கதவுச் சீலைக்குப் பின்னால் நின்ற பரமலிங்கம் அடுப்படிக்குப் போனார்.

ஒல்லாந்தர் கிணறு என்று வாய் விட்டாயிற்று. இனி ஒல்லாந்தரைப் படிப்பிக்காமல் தப்ப முடியாது. ஒல்லாந்தரைப் படிப்பிப்பதென்றால் போர்த்துக்கேயரில் தொடங்க வேண்டும். கண்டி இராச்சியத்தை அப்படியே விட்டுவிட்டு ரீச்சர் ஆயிரத்து ஐந்நூற்று ஐந்துக்குப் பாய்ந்தார். வாய் பாடத்தைச் சொன்னது. கண் மூலையில் இருந்த சதுரத்தை விட்டு அகலவில்லை. அந்தப் புகைப்படம் கண் வெட்டாமல் அவரையே பார்த்தது.

நான்கு மணிக்கு வகுப்பு முடிய வேண்டும். நான்கு மணிக்கும் பணிப்பாளர் இருந்தார்.

வகுப்பை முடித்தால் உள்ளே இருக்கிற எல்லோரும் ஒரேயடியாக வெளியே போய்விடுவார்கள் என்று தக்சாயினி சொல்லியிருந்தாள். எல்லோரும் என்றால் பணிப்பாளரும்தான். வீட்டுக்கு வந்த பெரிய மனிதரைக் கழுத்தில் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ரீச்சர் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார். இன்றைய பாடம் இவ்வளவுதான் என்றார். காத்திருந்தார். சதுரம் அசையவில்லை. சேருக்கு ஏதும் குறை தெரிந்தால் சொல்லலாம் என்றார். பதில் இல்லை.

"சேர் விரும்பினால் தொடர்ந்து நடத்தட்டோ?"

அதற்கும் பதில் இல்லை. குறை இல்லையென்றால் இல்லையென்று சொல்ல மாட்டாரோ? இந்த மௌனம் நல்ல மௌனமாகத் தெரியவில்லை. ரீச்சர் தொடர்ந்தார்.

நாலரைக்குத் தொண்டை வறண்டது. பரமலிங்கம் கமராவில் படாமல் நிலத்தோடு குனிந்து வந்து தேத்தண்ணியை மேசைக் காலடியில் வைத்துவிட்டுப் போனார். ரீச்சர் ஒரு துண்டுக் கடதாசியில், அதிபருக்குப் போன் அடித்து விசயத்தைச் சொல்லுங்கோ என்று எழுதி அவரிடம் எறிந்தார்.

அதிபர் மரியரட்ணம் அனுபவசாலி. முதலில் பணிப்பாளரின் தொலைபேசிக்கு அடித்துப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. பார்வையிடுகிற நேரத்தில் அதிகாரிகள் அழைப்பு எடுக்க மாட்டார்கள், இது கடுமையான பார்வையிடல்தான் என்று முடிவு கட்டினார். ஒரு நன்றியுரை சொன்னால் எந்த அதிகாரியும் எழும்பிவிடுவார் என்பது அவருடைய இருபது வருட அனுபவம். நாலே முக்காலுக்கு வெள்ளைச் சேட்டும் ரையுமாக வகுப்புக்குள் வந்தார். பணிப்பாளர் அவர்கள் தமது பொன்னான நேரத்தை எங்கள் பாடசாலைக்காக ஒதுக்கியதை இட்டு எட்டு நிமிடம் பேசினார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பணிப்பாளர் எழும்பவில்லை.

பத்து நிமிடம் கழித்து அதிபரின் அழைப்பு பரமலிங்கத்தின் தொலைபேசிக்கு வந்தது. பரமலிங்கம் அதை ரீச்சரின் காதுக்குக் கிட்டப் பிடித்தார்.

"ரீச்சர், இனி நான் எப்பிடி வெளிக்கிடுறது? அவர் இருக்கேக்குள்ளை நான் எழும்பிப் போனால் மரியாதையில்லையெல்லோ."

"நான் என்ன சேர் செய்ய?"

"நடத்துங்கோ. நிப்பாட்டாதேங்கோ. நான் மற்ற ரீச்சர்மாரையும் கூப்பிடுறன். நாங்கள் ரெண்டு பேர் மட்டும் நிண்டால் பள்ளிக்கூடத்துக்கு ஆர்வமில்லை எண்டு எழுதிப்போடுவார்."

ஐந்து மணி பத்துக்குள் ஒன்பது ஆசிரியர்கள் ஒன்பது சதுரங்களில் வந்து நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வந்த பிறகுதான் அவர்களுக்கும் விளங்கியது, இது வரத்தான் முடியும், போக முடியாத இடம் என்று. கணிதம் படிப்பிக்கிறவர் ஒருவர் பின்னால் அழுகிற குழந்தைக்குக் காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு வரலாறு கேட்டார். தக்சாயினி மட்டும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். ரீச்சர், வகுப்பு உங்கடை. முடிக்க வேண்டியதும் நீங்கள்தான், முடியுங்கோ என்று.

உமக்கென்ன பிள்ளை, இளம் வயது, வள்ளத்திலை போய் வருவீர் என்று ரீச்சர் பதில் போட்டார்.

இதற்கிடையில் ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தெட்டில் போர்த்துக்கேயர் போனார்கள். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றாறில் ஒல்லாந்தர் போனார்கள். ஐந்தே காலுக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில், ஆங்கிலேயரும் மூட்டை முடிச்சோடு கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். பணிப்பாளர் போகவில்லை.

ரீச்சர் வேறு வழியில்லாமல் பிரான்சுக்குப் போனார்.

பிள்ளைகள் களைத்துவிட்டார்கள். ஒருத்தி நாடியைக் கையில் ஊன்றியபடி நித்திரையாகியிருந்தாள். எப்போதும் முன் வரிசையில் இருந்து பதில் சொல்கிற வினோஜா மெல்லிய குரலில் கேட்டாள்.

"ரீச்சர், அப்பாவுக்குப் போன் வேணுமாம். வாழைக்குள்ளை நிக்கிற தண்ணியை இறைக்கிறதுக்கு ஆக்களைக் கூப்பிடோணுமாம். நான் போகட்டோ?"

போ என்று சொல்லத்தான் ரீச்சரின் வாய் திறந்தது. ஒன்று போனால் ஒன்றின் பின் ஒன்றாக முப்பத்தொன்றும் போகும். வெறும் வகுப்பில் தானும் பணிப்பாளரும் தனியே முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டி வரும்.

"அஞ்சு நிமிசம் பொறும் பிள்ளை," என்றார்.

அந்த ஐந்து நிமிடம் அரை மணித்தியாலமாக நீண்டது. வினோஜாவின் பின்னால் ஈரச் சாரத்தோடு அவளுடைய தகப்பன் வந்து நின்று திரையைப் பார்த்தார். அத்தனை ஆசிரியர்களும் கைகட்டி இருப்பதைக் கண்டு, ஏதோ பெரிய விசயம் நடக்கிறதென்று நினைத்தாரோ என்னவோ, தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஆறு மணிக்கு அதிபருக்குக் கடைசியாக ஒரு யோசனை தோன்றியது. தேவாரம் பாடினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். தேவாரத்துக்குப் பிறகு எவரும் இருக்க மாட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். நாற்பத்திரண்டு வீடுகளில் இருந்து நாற்பத்திரண்டு விதமாகப் பிந்திப் பிந்தி வந்த குரல்கள், ஒருவர் முடிக்கும்போது ஒருவர் தொடங்க, தேவாரம் தானாகவே இரண்டு முறை பாடப்பட்டது. பாடி முடிந்ததும் எல்லாக் கண்களும் அந்த ஒரு சதுரத்துக்குப் போயின.

கோட்டும் ரையும். சிரிக்காத முகம்.

அப்போதுதான் உதயகலா ரீச்சருக்கு உள்ளே ஏதோ ஒன்று அறுந்தது. வேண்டுமென்றே எங்களைப் பிடித்து வைத்திருக்கிறார். நான் எப்போது விழுவேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பாடம் தீர்ந்துவிட்டது, குரலும் தீர்ந்துவிட்டது. இனிப் பயப்படுவதற்கும் பலம் இல்லை. ரீச்சர் எழுந்து நின்றார். நின்றபோது கமராவில் அவருடைய சேலையின் கொசுவம் மட்டும்தான் தெரிந்தது. அது அவருக்குத் தெரியாது.

"சேர்," என்றார். "நான் உள்ளதைச் சொல்லிப்போடுறன். அது ஒல்லாந்தர் கிணறு இல்லை. எங்கடை வீட்டுக் கிணறு. அதிலை நிண்டவர் என்ரை மனுசன். எனக்கு உந்த மெசின் ஒண்டும் தெரியாது. ஒரு படத்தைக் காட்ட ஒன்பது பக்கம் எழுதி வைச்சும் பிழையாத்தான் காட்டினனான். ஆனால் படிப்பிக்கத் தெரியும். பிள்ளையளைக் கேட்டுப் பாருங்கோ. நெடுந்தீவுக்கு அனுப்புறதெண்டால் அனுப்புங்கோ. அங்கையும் பிள்ளையள்தானே இருக்கினம். இவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் படிப்பிப்பன். இப்ப என்ரை பிள்ளையளை மட்டும் விடுங்கோ, அதுகளுக்குப் பசிக்குது."

அதிபர் கண்ணை மூடிக்கொண்டார். சீலைக்குப் பின்னால் இருந்த பரமலிங்கம் வெளியே வந்து, சேட்டுக்கூடப் போடாமல், கமராவுக்கு நேரே மனைவிக்குப் பக்கத்தில் நின்றார்.

கோட்டும் ரையும் அணிந்த புகைப்படம் மறைந்தது.

அந்த இடத்தில் ஒரு வீட்டுக் கூரையும் சுற்றுகிற மின்விசிறியும் தெரிந்தன. பிறகு வியர்வையில் நனைந்த ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. அது உடனே கீழே குனிந்து மறைந்துகொண்டது. கடைசியாக, கோயிலுக்குப் போய் அப்போதுதான் வந்தவர் போல நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெண் திரைக்குள் எட்டிப் பார்த்தார்.

"குறை நினையாதேங்கோ ரீச்சர், நான் சேரின்ரை மனுசி. மூண்டு இருவதுக்குக் கை தவறி உங்கடை வகுப்புக்குள்ளை வந்திட்டாராம், எதை அமத்தினாலும் பிள்ளையளின்ரை படிப்பு நிண்டு போயிடுமெண்ட பயத்திலை மனுசன் இன்னும் மத்தியானச் சோறுகூடத் தின்னாமல் இருக்குது. உதுக்குள்ளையிருந்து வெளியாலை வாறது எப்பிடியெண்டு ஒருக்கால் சொல்லிக் குடுங்கோ."