ஒரு தீவில் மோட்டார் சைக்கிள், இன்னொரு தீவில் சீற்

எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிளை முழுதாக ஒருவனும் திருடமாட்டான். திருடி எங்கே கொண்டுபோவது? சுற்றிவரக் கடல். யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போக ஒரே தெரு. அந்தத் தெருவில் எவன் எந்த வண்டியில் போகிறான் என்பது ஊர் முழுக்கத் தெரியும். ஆகவே துண்டு துண்டாகத்தான் எடுப்பார்கள். ஒரு கிழமை கண்ணாடி போகும். மறு கிழமை பெற்றோல் போகும். மனம் வந்தால் இருந்து ஓடுகிற சீற்றே போகும். மிச்சத்தை உரியவன் தள்ளிக்கொண்டு போகலாம். அந்த அளவுக்கு இரக்கம் உள்ளவர்கள்.

நான் நெடுந்தீவு ஆள். வேலை வேலணைத் தீவில், ஒரு ஹாட்வெயார் கடையில். வார நாட்களில் கடைக்குப் பின்னாலுள்ள அறையில் தங்கிவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் ஊருக்குப் போவேன். மோட்டார் சைக்கிளைப் படகில் ஏற்றி இறக்குவது பெரிய பாடு. அதனால் எங்கள் ஆட்கள் பலரும் செய்வதுபோல் அதைப் புங்குடுதீவுப் பக்கம், குறிகட்டுவான் இறங்குதுறையில் விட்டுவிட்டுப் படகேறுவேன். ஒரு மணித்தியாலம் கடலில் ஆடினால் வீடு. திங்கட்கிழமை காலை திரும்பி வரும்வரை வண்டி அங்கே தனியாக நிற்கும்.

முதலில் கண்ணாடி இரண்டும் போயின. பிறகு சீற் போனது. நான் நட்டும் போல்ட்டும் விற்கிறவன் அல்லவா, எனக்கு ரோசம் வந்துவிட்டது. புதுச் சீற் வாங்கி, கடையில் இருந்ததிலேயே விசித்திரமான நட்டைப் போட்டு இறுக்கினேன். அதைக் கழற்றுகிற சாவி தீவகத்திலேயே என்னிடம் மட்டும்தான் இருந்தது என்று நினைத்தேன். (இல்லை.) இரண்டாவது சீற்றும் போனது. மூன்றாவதின் அடியில் சிவப்புப் பெயின்ரால் ‘அன்ரன்’ என்று என் பெயரைப் பெரிதாக எழுதி, சங்கிலியும் போட்டேன். சங்கிலியோடு போனது. சில நாட்கள் கழித்துச் சாட்டிக் கடற்கரையில் அதை இன்னொருவனின் வண்டியில் கண்டேன். பாய்ந்துபோய்த் தூக்கிப் பார்த்தால் என் சிவப்பு எழுத்து அப்படியே இருக்கிறது.

“இது என்ர சீற். பேர் எழுதிக் கிடக்கு, பார்” என்றேன்.

அவன் ஆறுதலாக ஐஸ்கிறீமை நக்கிக்கொண்டு, “அண்ணை, என்ர பேரும் அன்ரன்தான்” என்றான்.

பொய் என்று சொல்ல முடியவில்லை. எங்கள் தீவுகளில் கல்லெறிந்தால் ஒரு அன்ரனில்தான் விழும்.

அன்றிலிருந்து நான் யாரையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்தேன். நான்காவது சீற்றை வாங்கியதும், சனிக்கிழமைகளில் இறங்குதுறையில் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் போடுவேன். எஞ்சினை எவனும் இயக்காமல் இருக்கப் பிளக் கப்பைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைப்பேன். பெற்றோலைப் போத்தலில் இறக்கித் தேத்தண்ணிக் கடையில் கொடுப்பேன். கடைசியாகச் சீற்றைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படகேறுவேன். படகில் இடம் இல்லாவிட்டால் சீற்றின் மேலேயே இருந்து போவேன். படகுக்காரர் எனக்குச் ‘சீற் அன்ரன்’ என்று பெயர் வைத்தார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கோலத்தில் இருந்தபோதுதான் மாமாவுக்கு நோய் கடுமையானது. அம்மாவின் தம்பி. மூன்று கிழமையாக யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சுவாசப்பையில் நீர். மாமி கட்டிலை விட்டு அசையவில்லை. அந்தச் சனிக்கிழமை மாமாவே அவரைப் பிடித்து ஊருக்குத் துரத்தினார். “சிவலை கண்டு போடப்போகுது. நீ போய் நில். வேற ஆக்கள் பக்கத்திலை போனா அது வெருளும். என்னைப் பாக்க மகன் நிக்கிறான்தானே” என்றாராம். சிவலை அவருடைய பசு. என்னிடம் காட்டாத அன்பையெல்லாம் அதனிடம் காட்டினவர்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சிவலை கன்று போட்டது. நாகு கன்று, பெட்டை, நெற்றியில் வெள்ளை. மாமி சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றார். போனில் சொல்லுங்கள் என்று நான் போனை நீட்டினேன்.

“போனிலை சொல்லமாட்டன். அந்த மனுசன்ரை முகத்தைப் பாத்துத்தான் சொல்லவேணும்” என்றார்.

மறுநாள் விடிய, படகுக்குப் புறப்பட்டு ஒரு கையில் பையும் மறு கக்கத்தில் சீற்றுமாக வீட்டு வாசல் படலையடிக்கு வந்த நேரம் போன் அடித்தது. மாமாவின் மகன் றெஜி, என் மச்சான்.

“அம்மாவை உடனை கூட்டிக்கொண்டு வா. டொக்டர் சொந்தக்காரரைக் கூப்பிடச் சொல்லிப்போட்டார். ஆள் கண் முழிச்சு அம்மாவைத்தான் தேடுறார். கனநேரம் தாங்காது போல கிடக்கு.”

போனில் கதைப்பதற்காகச் சீற்றைக் கல்மதிலின் மேல் வைத்தேன். கதைத்து முடித்ததும் மாமி வீட்டுக்கு ஓடினேன். வாசிக்கிற உங்களுக்கு விளங்கிவிட்டது. எனக்கு அடுத்த தீவு வரும்வரை விளங்கவில்லை.

படகில் மாமி செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார். குறிகட்டுவானில் இறங்கியபோது பட்டண பஸ் எஞ்சினை நிறுத்தாமல் நின்றது. படகில் வந்தவர்கள் எல்லோரும் ஏறினார்கள். மாமியும் ஒரு காலை மிதியில் வைத்துவிட்டார்.

நான் கையைப் பிடித்து இறக்கினேன். “இது மதகுக்கு மதகு நிண்டு நிண்டு போகும் மாமி. நான் பாதி நேரத்திலை கொண்டுபோய் விடுறன்.”

“உண்மையாத்தான் சொல்லுறியோ?”

“என்னிலை நம்பிக்கை இல்லையோ?”

கொண்டக்டர், “வாறியளோ இல்லையோ?” என்று கேட்டான். நான் பெரிய மனிதன் மாதிரிக் கையை அசைத்துப் போகச் சொன்னேன். பஸ் போனது. அடுத்த பஸ்ஸுக்கு நெடுநேரம் இருந்தது. ஓட்டோ ஒன்றுகூட இல்லை.

பையைத் திறந்தேன். கண்ணாடிகள் இருந்தன, பூட்டினேன். சட்டைப் பையில் பிளக் கப் இருந்தது, மாட்டினேன். தேத்தண்ணிக் கடையில் போத்தலை வாங்கிப் பெற்றோலை ஊற்றினேன். திருப்தியாக ஒரு முறை கையைத் தட்டிவிட்டு, ஏறுவதற்குக் காலைத் தூக்கினேன். தூக்கிய கால் அப்படியே நின்றது. இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு இரும்புச் சட்டமும் ஒரு பற்றரியும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுபடி பையைத் திறந்து பார்த்தேன். (மூன்றடி நீளச் சீற் பையின் மூலைக்குள் ஒளிந்திருக்கும் என்று எதிர்பார்த்தேனோ தெரியாது.)

“எங்கையடா சீற்?” என்றார் மாமி.

“வீட்டிலை மாமி. மதிலிலை.”

“எந்த மதிலிலை?”

“நெடுந்தீவிலை.”

மாமி என்னைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “அவர் பாத்துக்கொண்டிருக்கிறாரடா” என்று மட்டும் சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். அவ்வளவு காலத்தில் மாமி அழுது நான் பார்த்ததில்லை. ஒரு திருடன் அந்த நேரம் வந்து பழைய சீற் ஒன்றை விலைக்குக் கொடுத்திருந்தால் அவன் காலில் விழுந்திருப்பேன்.

படகுக்காரர்தான் முதலில் அசைந்தார். கிழிந்துபோனதால் ஒதுக்கி வைத்திருந்த பாதுகாப்பு அங்கிகள் மூன்றைப் படகுக்குள்ளிருந்து தூக்கி எறிந்தார். செம்மஞ்சள் நிறத்தில் தடித்தவை.

“தம்பி, இதுகளை வைச்சுக் கட்டும். கடலிலை ஆளைக் காப்பாத்துறது தெருவிலை காப்பாத்தாதோ?”

ஒன்றை எனக்கும் இரண்டை மாமிக்குமாக நைலோன் கயிற்றால் வரிந்து கட்டினோம். மாமி ஏறி உட்கார்ந்தார். வண்டி புறப்பட்டது.

அந்தப் பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் முதுகெலும்பு இன்னும் விரிவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கடலை அறுத்துப் போகும் புங்குடுதீவுத் தாம்போதியில் காற்று பக்கவாட்டாக அடித்தது. அங்கிகளின் பட்டிகள் பறந்து மாமியின் முகத்தில் அறைந்தன. தெருவின் ஒவ்வொரு பள்ளம் கிடங்கிலும் மாமி, “அருள் நிறைந்த மரியே... பாத்து ஓடடா... வாழ்க...” என்றார். சங்கிலிக் கிறீஸ் சேலையில் ஏறியது. வேலணையில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். வண்டியைச் சுற்றி வந்தார். இப்படி ஒரு குற்றத்துக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை.

“என்ன ஐசே இது?”

நான் வாயைத் திறக்கமுன் மாமி சொன்னார்: “என்ர மனுசன் சாகக் கிடக்கிறார் தம்பி. இவர் கள்ளருக்குப் பயந்து சீற்றை நெடுந்தீவிலை வைச்சிட்டு வந்திட்டார். நீர் வழக்கெழுதுறதெண்டா பிறகு எழுதும்.”

பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். “போங்கோ அம்மா” என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். வழக்கு எழுதியிருந்தால் நல்லது என்று தோன்றியது.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினோம். மாமா இருந்தார். ஒட்சிசன் முகமூடி போட்டு, சுவாசிக்கக் கஷ்டப்பட்டுக்கொண்டு, ஆனால் கண் திறந்தபடி. நேரத்துக்கு வந்துவிட்டோம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

மாமா மாமியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சேலையிலிருந்த கறுப்புக் கறையைப் பார்த்தார். அங்கியிலிருந்து அறுந்து மாமியின் தோளில் கொளுவியிருந்த செம்மஞ்சள் பட்டியைப் பார்த்தார். முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

“என்னப்பா இது கோலம்?”

மாமி வாயைத் திறந்தார். கன்று வரும் என்று நான் காத்திருந்தேன். நான்தான் வந்தேன். “உங்கட மருமேன் செய்த வேலையைக் கேளுங்கோ” என்று தொடங்கி, பஸ்ஸை விட்டது, நட்டு, கண்ணாடி, மதில், படகு, பொலிஸ் எல்லாவற்றையும் ஒரு மூச்சில் கொட்டினார். இத்தனை வருடமாக ஒவ்வொரு நாளும் அவரிடம் எங்களைப் பற்றி முறையிட்ட அதே குரல். மாமாவின் நெஞ்சு குலுங்கியது. இழுப்பாக்கும் என்று றெஜி தாதியைக் கூப்பிட ஓடினான். இழுப்பல்ல, சிரிப்பு.

பிறகு என்னைத் தேடிப் பார்த்துக் கேட்டார்: “சீற்... கவனமாக் கிடக்கோ?”

“ஓம் மாமா. மதிலிலை கிடக்கு.”

தலையை ஆட்டினார். கண்ணை மூடினார். தாதி வந்து எங்களை வெளியே நிற்கச் சொன்னார். திரும்ப உள்ளே கூப்பிட்டபோது மாமா இல்லை.

வெளியே மர வாங்கிலில் உட்கார்ந்திருந்த மாமி மெல்லச் சொன்னார்: “சிவலை கண்டு போட்டதைச் சொல்லேல்லையடா. உன்ர சீற்றுக் கதையிலை அது மறந்து போச்சு.”

அந்த இடத்தில் எனக்குச் சிரிக்க ஒரு பகிடியும் வரவில்லை. இன்றைக்கும் வருவதில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று கடல் தாண்டிக் கொண்டுவந்த ஒரேயொரு செய்தியை, கதவின் வாசலில் என் முட்டாள்தனம் தட்டி விழுத்திவிட்டது. நான் தலையைக் குனிந்து அழுதேன். மாமிதான் என் முதுகைத் தடவினார்.

உடலை ஊருக்குக் கொண்டுபோன படகில், மாமி பெட்டியின் மேல் குனிந்து, நாகு கன்று என்றும் நெற்றியில் வெள்ளை என்றும் தாயும் பிள்ளையும் சுகம் என்றும் விவரமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் ஒப்பாரி என்று நினைத்தார்கள். வீட்டடியில் சீற் மதிலின் மேல் வைத்த இடத்திலேயே கிடந்தது. ஒருவரும் தொடவில்லை. பட்டணத்துத் தெருவில் விட்டுவந்த வண்டியிலிருந்துதான், செத்தவீடு முடிந்து திரும்பியபோது, மூன்று அங்கிகளையும் எவனோ அவிழ்த்துக்கொண்டு போயிருந்தான். படகுக்காரர் இன்னும் கேட்கிறார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், கடைசியாக என்ன சொன்னார் என்று மாமியைக் கேட்பார்கள். “சேசுவே எண்டு சொல்லித்தான் போனவர்” என்பார் மாமி. சுவாமியாரிடமும் அப்படித்தான் சொன்னார். வீட்டு ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பாமல் இருக்கப் படாத பாடு படுவார்கள்.

போன வருடம் எனக்கு வயிற்றில் ஒரு ஒப்பரேசன். சின்னதுதான் என்றார்கள், ஆனால் நான் பயத்தில் விறைத்துப்போய்க் கிடந்தேன். தள்ளுகட்டிலில் கொண்டுபோகும்போது மாமி நிறுத்தச் சொல்லி, என் நெற்றியில் சிலுவை போட்டு, காதருகில் குனிந்தார். செபம் சொல்லப்போகிறார் என்று கண்ணை மூடினேன்.

“சீற் கவனமாக் கிடக்கோடா?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தள்ளிக்கொண்டு போன பெடியன் நோகுதோ என்று கேட்டான். ஓம் என்றேன்.