தெற்கே பார்த்துக் கழன்ற நட்டுகள்

அம்பலாங்கொடை,
புத்தாண்டு விடுமுறை.

அன்புள்ள மச்சான் விமலசிறிக்கு,

புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளின் துணையால் இங்கே எல்லோரும் சுகம். கண்டியில் உன் வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டும். போன வெசாக் பண்டிகைக்கு வந்தபோது, "அத்தான், இந்தக் கிழட்டுக் காரை எப்பதான் விக்கப் போறீங்க?" என்று கேட்டாய். உன் அக்கா பக்கத்தில் இருந்ததால் அன்று பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசி.

கடற்காற்றிலேயே நிற்கும் கார் அல்லவா? எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் பிய்ந்து, வெளியே போக வேண்டிய புகை காருக்குள் வந்துகொண்டிருந்தது. சத்தமோ, கடைத்தெரு வரை கேட்கும். நாங்கள் இருவரும் கண்ணாடியை இறக்கிவிட்டு இருமிக்கொண்டே காலம் தள்ளினோம். ஆனால் மாத்தறையிலிருந்து மகள் உதேஷிகாவையும் பிறந்த பிள்ளையையும் முதல் புத்தாண்டுக்குக் கூட்டி வர வேண்டும். அன்றைக்குப் பஸ்ஸும் ஓடாது. "அந்தப் புகைக்குள்ள என்ட பேத்தியை ஏத்தினீங்களோ, காரோட உங்களையும் சேர்த்துத் தம்பிட்டக் குடுத்திடுவன்" என்றாள் உன் அக்கா மல்லிகா. புதுக் கேஸ்கெட் வாங்கியாயிற்று. மெக்கானிக்குகள் எல்லோரும் ஊருக்குப் போயாயிற்று. மிச்சம் இருந்தவன் நான்தான்.

துருப்பிடித்த நட்டு எப்படி என்றால், என் வகுப்பில் சில பிள்ளைகள் இருப்பார்களே, அதட்ட அதட்ட வாயை இன்னும் இறுக்கிக்கொள்வார்கள், அப்படி. மேலும் அதட்டினால் நட்டு வராது, அது ஏறியிருக்கும் மரையாணி முறிந்து கையோடு வரும். முறிந்தால் கார் வாசலிலேயே நிற்கும், பேத்தி மாத்தறையிலேயே நிற்பாள். இதெல்லாம் தெரிந்துகொண்டே நான் காருக்கடியில் படுத்து, துரு இளக்கும் எண்ணெயை விடுவதும் அது இறங்குவதற்குள் ஸ்பேனரைப் போடுவதும், திருகுவதும், கை வழுக்கிச் சேஸிஸில் இடிபடுவதும், மறுபடி எண்ணெய் விடுவதுமாக இருந்தபோது பக்கத்து வீட்டு ஜினதாச வந்தான். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. கையில் ஓர் ஆள் நீளத்துக்கு இரும்புக் குழாய்.

"தள்ளுங்கோ மாஸ்டர். இது நட்டு, உங்கட வகுப்புப் பிள்ளையில்ல. கெஞ்சினா வராது."

"முறிஞ்சா?"

"முறிஞ்சா வெளியில வந்திடும்தானே!"

ஸ்பேனரின் பிடியில் குழாயைச் செருகி, மூச்சை இழுத்துக் காலை ஊன்றி அவன் அமுக்கப் போன அந்த நொடியில் பன்சாலை விகாரையின் மணி அடித்தது. நொனகதய தொடங்கிவிட்டது! பழைய வருடம் போய்ப் புதியது வரும் நடுவில், சோறுகூட ஆக்கக்கூடாத நேரம். தன் மனைவி சொல்லி ஒன்றையும் நிறுத்தாத ஜினதாச, பஞ்சாங்கம் சொன்னதும் குழாயைத் தொப்பென்று போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

எனக்குக் கை பரபரத்தது. பன்சாலைக்குப் போய் வந்தும் மனம் காருக்கடியில்தான். ஸ்பேனரைத் தொட்டால்தானே வேலை என்று எண்ணெய்க் குப்பியை மட்டும் எடுத்துப் போனேன். மல்லிகா கண்டுவிட்டாள். "ஐயோ, தலைக்கு எண்ணெய் வைக்கிற சுபநேரமே இன்னும் வரேல்ல, நட்டுக்கு என்ன அவசரம்?" என்றாள். அதற்குள் நட்டுகளுக்கு எண்ணெயை விட்டுவிட்டேன். பிறகு தொடவில்லை, அவள் தொட விடவில்லை.

புதுவருடம் பிறந்து, அடுப்பு மூட்டியதும் பால் பொங்கியது. வேலை தொடங்கும் நேரத்துக்குத் தெற்கே பார்த்து, பொன்னிற உடுப்பில் இருக்க வேண்டும் என்று பஞ்சாங்கம் சொல்லியிருந்தது. மல்லாந்து படுத்திருப்பவன் எந்தத் திசையைப் பார்க்கிறான்? "மாஸ்டர் மேல பாக்கிறார், அது தேவலோகத் திசை" என்றான் ஜினதாச. "எழும்பி இருந்தா எங்க பாப்பாரோ, அதுதான் திசை" என்று தீர்ப்புச் சொன்னாள் உன் அக்கா. அந்தக் கணக்குப்படி கார் நின்ற பக்கம் தப்பு. உடனே ஸ்டார்ட் செய்து, குறுகிய முற்றத்தில் முன்னும் பின்னுமாக உறுமி உறுமித் திருப்பினேன். ஊரே வெடி கொளுத்திக்கொண்டிருந்ததால் யாரும் திட்டவில்லை.

திருப்பி முடித்து, எஞ்சினை நிறுத்தி, பொன்னிறச் சட்டையோடு உள்ளே நுழைந்தேன். எண்ணெய் நன்றாக ஊறியிருந்தது. எஞ்சின் ஓடியதில் புகைக்குழாயும் சூடேறியிருந்தது. மணி அடித்ததும் ஸ்பேனரைப் போட்டு, முதலில் ஒரு மயிரிழை இறுக்கி, பிறகு மெல்லத் திருப்பினேன். கிர்ரென்று ஒரு முனகல். என் காதுக்கு அது பிக்குமார் பிரித் ஓதுவது போல் இருந்தது. ஒன்று வந்தது, அடுத்ததும் வந்தது, எல்லாம் வந்தன. ஒரு மரையாணியும் முறியவில்லை. காருக்கடியிலேயே கொஞ்ச நேரம் சும்மா படுத்திருந்தேன் மச்சான். "உயிரோட இருக்கிறாரோ?" என்று ஜினதாச குனிந்து பார்த்தான்.

புதுக் கேஸ்கெட்டைப் போட்டு மாத்தறைக்குப் போனேன். மாலையில் பேத்தி புகையில்லாத காரில், வாயில் கையை வைத்துக்கொண்டு, தூங்கியபடியே வந்து சேர்ந்தாள். ஆகவே உன் கேள்விக்குப் பதில்: விற்க மாட்டேன். இனி அந்த நட்டுகளால் ஒரு தொல்லையும் வராது.

புத்தாண்டுப் பலகாரம், கொண்டை கவுமும் கொக்கிஸும், பொதி கட்டி அனுப்புகிறோம். மும்மணிகள் உங்களைக் காக்கட்டும்.

அன்புடன்,
அரியபால அத்தான்

பின்குறிப்பு: விடுமுறையில் ஒரு கடையும் திறக்காததால் புது நட்டு கிடைக்கவில்லை. அதே துருப்பிடித்த நட்டுகளைத்தான் திரும்பப் போட்டேன். பேத்தி வருகிற சந்தோஷத்தில் நன்றாக இறுக்கியும் விட்டேன். இதை அக்காவிடம் சொல்லாதே. கண்டியில் துருப்பிடிக்காத பித்தளை நட்டு கிடைத்தால் அனுப்பு. உன் காரும் வயதானதுதான்: இன்று மாலை அதன் புகைக்குழாய் நட்டுகளுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டு, ஸ்பேனரைத் தொடாமல் வீட்டுக்குள் போ.